ரோட்டேட்டர் என்பதே சரி

திருப்பதியில் மலைக்கு அடுத்தபடியாக உயர்ந்து நிற்பது எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: சித்தூர்–திருப்பதி ஒன்றுபட்ட அமெச்சூர் வானொலி அன்பர் சங்கத்தின் கொள்கை. அதற்கும் அடுத்த உயரத்தில், அந்தச் சங்கத்தின் ஆண்டெனா.

அரசாங்கம் ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது ஆபீஸ்கள் பிரிந்தன, பீரோக்கள் பிரிந்தன, பீரோக்களுக்குள் இருந்த கரப்பான் பூச்சிகள்கூட ஆளுக்கொரு ஜில்லாவுக்குப் போயின. சங்கம் மட்டும் பிரியவில்லை. பாசமே காரணம் என்று ஆண்டு மலரில் எழுதியிருக்கிறார்கள். ஆண்டெனா ஒன்றுதான் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

போன் இல்லாமல், கேபிள் இல்லாமல், காற்றிலேயே பேசிக்கொள்ள அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் இவர்கள். புயல் வந்து போன் கோபுரமெல்லாம் படுத்துவிட்டால் ஊருக்கும் உலகத்துக்கும் இவர்கள்தான் கதி. 'எல்லோரும் மௌனமாகும்போது நாங்கள் பேசுவோம்' என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அச்சடித்திருக்கிறது. அச்சடித்தபடியே நடந்துகொள்ளும் சங்கங்கள் நாட்டில் எத்தனை இருக்கின்றன? இது அவற்றில் ஒன்று. எல்லோரும் மௌனமானபோது இவர்கள் பேசினார்கள். எப்படிப் பேசினார்கள் என்பதுதான் இந்த வரலாறு.

ஆண்டெனா இருந்தது தலைவர் ஹரிபாபுவின் ஐந்து மாடி லாட்ஜின் மொட்டை மாடியில். மீன்முள் மாதிரி நீளமாக இருக்கும். எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் அதற்குக் காது நன்றாகக் கேட்கும். மூக்கைத் திருப்புவதற்காகக் கம்பத்தில் ஒரு மோட்டார்ப் பெட்டி உண்டு. கீழே அறையில் பொத்தானை அழுத்தினால் மேலே ஆண்டெனா மெதுவாகச் சுற்றும். அந்தப் பெட்டியின் பெயர் என்ன என்பதில் சங்கம் நான்கு மாதம் உழைத்தது.

தேவசேனா சங்கத்தின் இணைச் செயலாளர். இணைச் செயலாளர் என்றால் மினிட்ஸ் எழுதுகிறவள், டீ சொல்கிறவள், மொட்டை மாடிக்கு ஏறுகிறவள். மூன்றில் முதலாவதுக்கு மட்டும் விதிமுறையில் இடம் உண்டு. ரேணிகுண்டாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்ப்பது அவளுக்கு வேலை. சொந்த ஊர் சத்தியவேடு பக்கத்தில், ஏரிக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அவளுடைய நைனா ஏகாம்பரம் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தே பாதி ஆயுசைக் கழித்து, அப்புறம் அரை ஏக்கர் சொந்தமாகப் பார்த்தவர். மகள் வானொலிப் பரீட்சைக்குப் படித்தபோது, அவளுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கே பதிலெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. "நானும்தான் எய்துறேனே" என்றார். இருவரும் ஒரே பஸ்ஸில் சென்னைக்குப் போய், ஒரே நாளில் எழுதித் தேறினார்கள். நைனாவுக்கு மூன்று மார்க் அதிகம். ஊரில் இதைக் கேட்காத ஆள் கிடையாது.

சங்கத்தின் 'கிராமத் தொடர்புத் திட்ட'த்தில் அவருக்கு ஒரு சின்ன ரேடியோ இரவலாகக் கிடைத்திருந்தது. ஐந்து வாட், பேட்டரியில் ஓடும். சங்கத்தின் ரேடியோ ஐம்பது வாட். அந்த வித்தியாசத்தை அவர் தம் பாணியில் மகளுக்கு விளக்கினார்.

"நீங்க அங்க பேசறது எனக்குக் கோயில் மைக்செட்டு மாதிரி கேக்குதும்மே. நான் பேசறது உங்களுக்குக் கேக்கணும்னாத்தான் அந்த மீன்முள்ளை எம் பக்கம் திருப்பணும்."

அந்த இரவல் வருஷா வருஷம் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். போடாவிட்டால் ரேடியோ திரும்பச் சங்கத்துக்கு. தேவசேனா கூட்டங்களில் எதிர்த்து வாயைத் திறக்காததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

செயலாளர் வேங்கடாசலம் ஓர் அரசு இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்த ஸ்டோர்ஸிலிருந்து ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை. யாருக்கும் கொடுக்கப்பட்டதும் இல்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே சங்கத்துக்கு ஸ்டாக் ரிஜிஸ்டரும், பதினான்காம் விதியும் வந்துவிட்டன. அந்த விதி அழகானது: ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள பெயரைக் குறிப்பிட்டு, செயலாளர் கையொப்பமிட்ட வேலை உத்தரவு இல்லாமல் சங்கத்தின் எந்தச் சாதனத்தின் மீதும் எந்தக் கருவியும் படக் கூடாது.

ஆடி மாசத்தில் ஒரு நாள், மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று கம்பத்தில் ஏறி உட்கார்ந்து மோட்டார்ப் பெட்டியின் ஒயரைக் கடித்துத் துப்பிவிட்டது. ஆண்டெனா நின்றது நின்றபடி நின்றது. நின்ற திசை சரியாக ஏழுமலையான் பக்கம். தேவசேனா அன்றைக்கே ஒரு விண்ணப்பம் எழுதினாள்: 'ரோட்டார் ஒயர் அறுந்துள்ளது. மாற்ற அனுமதி வேண்டும். ஒயர் என்னிடம் உள்ளது. அரை மணி நேர வேலை.'

வேங்கடாசலம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி படித்தார்.

"இன்னாம்மா அறுந்துக்கீது?"

"ரோட்டார் ஒயர் சார்."

"ரோட்டாருக்கு ஒயர் வராதேம்மா. மோட்டாருக்கு உள்ள சுத்துது பாரு உருளை, அதான் ரோட்டார். ஆண்டெனாவைத் திருப்புற மொத்த சாதனத்துக்குப் பேரு ரோட்டேட்டர். மாட்டைக் காட்டி வண்டின்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்பறம்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான் போட்டிருக்கும். இந்தக் கதையில் வேங்கடாசலம் ஓர் இடத்தில்கூடத் தப்பாகப் பேசவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நியாயம்.

ஆனால் தலைவர் ஹரிபாபு ஒத்துக்கொள்ளவில்லை. "ஏமண்டி செகரட்டரி காரு! முப்பது வருஷமா நான் ரோட்டார்னுதான் சொல்றேன். வாங்கின கடைல ரோட்டார்னான், பில்லுல ரோட்டார்னு கீது. இத்தனை வருஷம் தப்பான பேரைச் சொல்லியும் அது சுத்திச்சே, எப்படி?"

"கருணையால சுத்திச்சுங்க" என்றார் வேங்கடாசலம்.

சித்தூர் உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள்; தங்கள் வீடுகளில் உட்கார்ந்து ரேடியோ வழியாகக் கலந்துகொள்வார்கள். எழுபது கிலோமீட்டர் பெட்ரோலை மிச்சம் பிடித்த இந்த ஏற்பாடு 'வான்வழிப் பொதுக்குழு' என்று போற்றப்பட்டது. அவர்கள் சார்பில் கிரண்குமார் பேசினார்: "சித்தூர் தரப்புல மூணாவதா ஒரு பேரை முன்வைக்கிறோம். 'ஆண்டெனா டைரக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டம்'. ஓவர்."

துணைக்குழு அமைந்தது. துணைக்குழு ஆவணி, புரட்டாசி முழுவதும் கூடியது. மோட்டார் ஒன்றைப் பிரித்து மேஜை மேல் வைத்து, உள்ளே இருக்கும் உருளையை உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். தேவசேனா எழுபது பக்க மினிட்ஸ் எழுதினாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: "அதுவரைக்கும் ஒயரை மட்டும் சேர்த்துடட்டுமா சார்?" ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "எதனோட ஒயரைம்மா?"

ஐப்பசியில் அந்த மகத்தான நாள் வந்தது: ரோட்டேட்டர் என்பதே சரி என்று துணைக்குழு தீர்மானம் எழுதியது. பொய்யான பெயர் ஒரு நாள்கூடப் பதிவேட்டில் இருக்கக் கூடாது என்று வேங்கடாசலம் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் 'ரோட்டார்' என்ற சொல்லை அடித்தார். புதிய பெயரை ஏற்ற, அடுத்த கூட்டத்தில் அந்த மினிட்ஸ் வாசிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். அடித்த இடம் அதுவரை காலியாக இருந்தது.

ஹரிபாபுவும் அவசரப்படவில்லை. அதற்கு அவருடைய காரணம் வேறு. "அம்மாயி, ஆண்டெனா மலையைப் பார்த்து நின்னதுலேர்ந்து லாட்ஜுல ஒரு ரூமு காலி கெடையாது. தெலுசா? சாமியே நிறுத்தி வெச்சிக்கீறாரு."

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. சொர்ணமுகி ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது; ஏர்பேடு பக்கம் ரோட்டின் மேலேயே தண்ணீர். இரண்டாம் நாள் சாயங்காலம் நைனா போனில் பேசினார்.

"ஏரி ரொம்பிக்கினு வர்தும்மே. நாங்கல்லாம் இஸ்கூல் மாடிக்குப் பூடறோம். பொட்டியையும் பேட்டரியையும் தூக்கிக்கினுதான் போறேன். போன் செத்துப்போச்சின்னா, மணி அடிக்கச்சொல்ல எல்லாம் கூப்புடுவேன். நாலு மணி, அஞ்சி மணி, அப்பிடி. நீ கேட்டுக்கினு இரு."

"கேட்டுக்கினு இருப்பேன் நைனா."

மறுநாள் ஞாயிறு. மத்தியானத்துக்குள் சத்தியவேடு பக்கம் எந்த போனும் எடுக்கவில்லை. ஜில்லா கண்ட்ரோல் ரூமிலிருந்து சங்கத்துக்கு உதவி கேட்டுக் கடிதம் வந்தது. கடிதம் வந்த பெருமையில் வேங்கடாசலம் மூன்றரை மணிக்கு அவசரப் பொதுக்குழு கூட்டினார். தேவசேனா நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது அறையில் அவரும் ஹரிபாபுவும் மட்டும் இருந்தார்கள். நான்கு சித்தூர்காரர்களும் காற்றில் தயாராக இருந்தார்கள். பொருள்: வெள்ள நிலைமை.

"சார், நாலு மணிக்கு எங்க நைனா கூப்புடுவாரு. ஆண்டெனாவைக் கொஞ்சம் சத்தியவேடு பக்கம் திருப்பிடலாமா?"

"திருப்பலாம்மா. அதுக்குத்தானே கூட்டம். மொதல்ல போன கூட்டத்து மினிட்ஸைப் படிச்சி ஊர்ஜிதம் பண்ணிடுவோம். அது இல்லாம புதுசா எந்தப் பொருளையும் எடுக்க முடியாது."

ரேடியோவில் மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அழுத்திக்கொண்டே இருந்தால் பிரம்மாவே கூப்பிட்டாலும் காதில் விழாது. வேங்கடாசலத்துக்கு ரிஜிஸ்டரைப் புரட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், இட்லிப் பொட்டலத்திலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து மைக்கின் பொத்தானில் மாட்டிவிட்டார். சித்தூர் பேச வேண்டியபோது மட்டும் கழற்றுவார். கூட்டம் ஒரு சொல் விடாமல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. ரேடியோ கொதித்தது. ஹரிபாபு அதற்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்தார்.

தேவசேனா மினிட்ஸைப் படித்தாள். "தீர்மானம் எண் ஒன்று. ஆண்டெனாவைத் திருப்பும் சாதனத்தை ரோட்டார் என்பது பிழை. ரோட்டேட்டர் என்பதே சரி." வேகமாகப் படித்துவிட்டாளாம். சித்தூருக்குப் புரியவில்லை என்றார்கள். நிறுத்தி, நிதானமாக, இன்னொரு முறை படித்தாள். அதற்குள் சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி.

"சார், அஞ்சே நிமிஷம்..."

"தீர்மானத்து நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்தினா முதல்லேர்ந்து படிக்கணும்."

நாலு மணி போயிற்று. ரோட்டார் என்றே சொல்லிப் பழகிய பழைய உறுப்பினர்களின் மனம் புண்படாதா என்று ஹரிபாபு கேட்டார். புண்படலாம், ஆனால் பிழை பிழைதான் என்றார் வேங்கடாசலம். மாடு, வண்டி உதாரணம் மறுபடி வந்தது. இந்தத் தடவை மாட்டுக்குக் கொம்பும் வண்டிக்கு அச்சாணியும் சேர்த்து விரிவாக விளக்கினார். கேட்கவே நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்கு தேவசேனா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த வேங்கடாசலம் பெருந்தன்மையாக ரப்பர் பேண்டைக் கழற்றினார். "ஒரு நிமிஷம். மினிட்ஸ்ல 'ஓய்வு'ன்னு எழுதிக்க."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். எண்ணெயில் எதையோ போட்டது போன்ற சத்தம். அதற்கு அடியில், ரொம்ப அடியில், ஒரு இருமல். நைனா பொத்தானை அழுத்தியதும் முதலில் இருமுவார். பரீட்சைக்குப் படித்த நாளிலிருந்து அது அவர் வழக்கம்.

"நைனாதான் சார் அது! கூப்புடறாரு!"

"யார் வீட்டுலயோ சீரியல் லைட்டு போட்டுக்கீறாங்க. அந்தச் சத்தம்" என்றார் ஹரிபாபு.

"திருப்பினா தெளிவாக் கேக்கும் சார். வேலை உத்தரவுல கையெழுத்துப் போடுங்க, நான் மேல போயி கையாலயே திருப்பிடறேன்."

வேங்கடாசலம் வேலை உத்தரவுப் புத்தகத்தை எடுக்கவே எடுத்தார். பேனாவைத் திறந்தார். 'சாதனத்தின் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"இன்னா பேரை எழுதறது? ரோட்டார்னு எழுதினா, அது அடிச்ச பேரு. ரோட்டேட்டர்னு எழுதினா, அது இன்னும் ஏறாத பேரு."

"அப்போ மேல மாடில கீறது இன்னா சார்?"

"சட்டப்படி ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததைத் தொட்டா தப்பா சார்?"

"ஒண்ணும் இல்லாததைத் தொட யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க? நீயே சொல்லு. இப்படியே பேசிக்கினு இருக்காம ஓட்டை முடிச்சோம்னா, அடுத்த நிமிஷம் கையெழுத்து."

ஹரிபாபுவுக்கும் ஒரு கவலை இருந்தது. "சத்தியவேடு எந்தப் பக்கம் கீது? கிழக்காலதானே? அந்தப் பக்கம் மூக்கு போச்சின்னா வால் மலையைப் பார்க்குமே! கோயில்ல தரிசனம் பண்ணிட்டு வெளியே வரச்சொல்லகூட நாம சாமிக்கு முதுகு காட்டாம பின்னாலயே நடந்து வர்றோம். என் கட்டடம் முதுகு காட்டறதா? காதண்டி, கூடாது, நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைச்சிதான் திருப்பணும்."

ஒரு நிமிஷம் முடிந்தது. ரப்பர் பேண்டு திரும்ப மாட்டப்பட்டது.

தேவசேனா உட்கார்ந்தாள். அந்த நேரம் அவள் எழுந்து போயிருக்க வேண்டும். பையில் ஸ்பேனர் இருந்தது, காலில் செருப்பு இருந்தது, மாடிப்படி பத்தடி தூரத்தில். போனால் பதினான்காம் விதி. பதினான்காம் விதி என்றால் நைனாவின் ரேடியோ போய்விடும். மூன்று மார்க் அதிகம் வாங்கிய மனுஷன் அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இதோ முடிந்துவிடும், இதோ ஓட்டு, இதோ கையெழுத்து என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பேனாவைப் பிடித்து எழுதினாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆறு மணிக்கு ரப்பர் பேண்டு கழற்றியே இருந்தது. ஆனால் கிரண்குமார் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய ரேடியோவின் முன்னால் ஐந்து வாட்டா எடுபடும்? 'ஆண்டெனா டைரக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டம்' என்பதில் 'சிஸ்டம்' என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க சித்தூர் தயார் என்று பன்னிரண்டு நிமிஷம் சொல்லி, ஓவர் என்றார்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓட்டு நடந்தது. ரோட்டேட்டருக்கு மூன்று, சிஸ்டத்துக்கு மூன்று, ரோட்டாருக்கு ஹரிபாபு. மூன்றில் இரண்டு பங்கு இல்லை.

"அப்போ துணைக்குழுவுக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்றார் வேங்கடாசலம், களைப்பில்லாமல்.

தேவசேனா மினிட்ஸ் புத்தகத்தை மூடினாள். மாடிப்படி ஏறினாள். மேலே மழை முகத்தில் அறைந்தது. கம்பத்தைப் பிடித்திருந்த கிளாம்ப் போல்ட்டுகள் நாலு, துரு ஏறியவை. மூன்று இளகின. நாலாவது இளகவே இல்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தாள், இளகியது. கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்பினாள். ஆண்டெனா முனகிக்கொண்டே மலையை விட்டுக் கிழக்கே திரும்பியது. ரோட்டாரும் இல்லாமல், ரோட்டேட்டரும் இல்லாமல், எந்த சிஸ்டமும் இல்லாமல் அது திரும்ப நாலு நிமிஷம் ஆயிற்று.

சொட்டச் சொட்ட இறங்கி வந்து, பேசிக்கொண்டிருந்த வேங்கடாசலத்தின் முன்னால் கையை நீட்டி ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்தாள். அது அறுந்து தெறித்தது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு இருமல். அப்புறம் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல நைனா.

"...கேக்குதா? சந்திரம்மாவைப் பாம்பு கடிச்சிக்கீது. மூணரை மணிக்கு. கால் வீங்கிக் கருத்துக்கினு போவுது. நாப்பத்தி மூணு பேர் இஸ்கூல் மாடில கீறோம். படகு வோணும். கேக்குதா?"

"கேக்குது நைனா."

அந்தப் பக்கம் மறுபடி ஒரு இருமல்.

"வந்துட்டியா" என்றார் அவர்.

கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போனது. எட்டரைக்குப் படகு போனது. நாற்பத்து மூன்று பேரும் கரைக்கு வந்தார்கள். கழனி வேலைக்குப் போய்ப் பிழைக்கும் சந்திரம்மா திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். இடது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். கடியின் நேரத்தையும் படகின் நேரத்தையும் குறித்துக்கொண்ட அவருக்கு, நடுவில் சங்கம் ஆற்றிய பணி தெரிந்திருக்க நியாயம் இல்லை.

சங்கம் தன் கடமையில் தவறவில்லை. மறு வாரமே தேவசேனாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிவேட்டில் இல்லாத சாதனத்தை வேலை உத்தரவின்றித் தொட்டது, தீர்மானத்தின் நடுவில் சபையை விட்டு வெளியேறியது, சங்கத்தின் ரப்பர் பேண்டை அறுத்தது. அதற்கடுத்த வாரம், மெமோ விசாரணையில் இருக்கும்போதே, ரோட்டேட்டர் என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. ஹரிபாபுவே முன்மொழிந்தார். ஏனென்றால் இதற்குள் சங்கத்துக்கு ஜில்லா அளவில் கேடயம் அறிவித்திருந்தார்கள். கேடயத்தில் பொறிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'வெள்ளத்தின்போது ரோட்டேட்டரை உரிய நேரத்தில் இயக்கி நாற்பத்து மூன்று உயிர்களைக் காத்தமைக்காக.' நல்ல நாள் பார்த்துத் தேங்காய் உடைத்து, வேலை உத்தரவு எண் ஒன்றின்படி, ஆண்டெனா மறுபடி மலைப்பக்கம் திருப்பப்பட்டது. ஒயர் இன்னும் அறுந்தே இருந்ததால் கையாலேயே திருப்பினார்கள். திருப்பியது தேவசேனா.

பாராட்டு விழா மார்கழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காப்பாற்றப்பட்டவர்களைப் பார்க்காவிட்டால் காப்பாற்றியவர்களுக்கு என்ன மதிப்பு? ஊரிலிருந்து பஸ் வைத்து அழைத்து வந்து, முன் வரிசைகளில் உட்கார வைத்து, மடியில் ஆளுக்கொரு போர்வை கொடுத்திருந்தார்கள். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசையில் இருந்தார். அவர் பக்கத்தில் சந்திரம்மா, நாற்காலியில் இரண்டு ஊன்றுகட்டைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு. தேவசேனா மேடையின் ஓரத்தில் மினிட்ஸ் புத்தகத்துடன். அன்றிலிருந்து இன்றுவரை நைனா அவளிடம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்பப்போ கூப்பிட்டாய், என்னென்ன சொன்னாய் என்று அவள் கேட்டபோதெல்லாம், "வுடும்மே, அதான் வந்துட்டியே" என்பார்.

வேங்கடாசலம் கேடயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு சாதனத்தைச் சரியான பெயரால் அழைக்காத சமுதாயம் அதைச் சரியாகப் பயன்படுத்தவும் முடியாது என்றார். இந்த விழிப்புணர்வு படித்தவர்களோடு நின்றுவிடக் கூடாது, கடைக்கோடி மனுஷனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றார். பேச்சின் வேகத்தில் சபையைப் பார்த்துக் கேட்டும் விட்டார்.

"ஆண்டெனாவைத் திருப்புதே, அந்தச் சாதனத்துக்குப் பேரு இன்னா? யாராவது சொல்லுங்க பார்க்கலாம்!"

பின் வரிசையில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ் கூட்டம் இருந்தது. யாரோ "ரோட்டார்" என்றார்கள். வேங்கடாசலம் வேதனையோடு தலையை ஆட்டினார்.

"ரோட்டேட்டரு சார்" என்றது ஒரு பெண் குரல். சந்திரம்மா. "ரோட்டாருன்றது உள்ள சுத்தற உருளை. மாடு வேற, வண்டி வேற."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வேங்கடாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே வந்தது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அவருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

"பார்த்தீங்களா! போய்ச் சேர்ந்துடுச்சி பார்த்தீங்களா! கைதட்டுங்க எல்லாரும்! ஏம்மா, இவ்ளோ தெளிவா யாரும்மா உனுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"நீங்கதான் சார்" என்றாள் அவள், கைதட்டல் ஓயக் காத்திருந்துவிட்டு. "இஸ்கூல் மாடில, ஏகாம்பரம் அண்ணன் பொட்டில. நாங்க கூப்புட கூப்புட நீங்க பேசிக்கினே இருந்தீங்களே. கொம்பு, அச்சாணி, எல்லாம் கேட்டோம். தோ, அந்தப் பொண்ணுகூட ரெண்டாவது தபா நிறுத்திப் படிச்சிச்சே."

தேவசேனா நைனாவைத் தேடினாள். அவர் மடியிலிருந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய பேனா நின்றுவிட்டது.

"நல்லா மனசுல பதிஞ்சிப்போச்சி சார்" என்றாள் சந்திரம்மா. "அப்போ எனுக்கு ரெண்டு காலும் இருந்துச்சி."

வேங்கடாசலம் வாயைத் திறந்தார். அந்த வாக்கியத்தில் அவர் திருத்துவதற்கு ஒரு சொல்லும் இல்லை.